36 துணி, ஒரு சேலை, 8 மணி நேரம்: வண்ணாரப்பேட்டை மழைக்காலத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் கணக்கு

நவம்பர் 1 முதல் ஜனவரி 29 வரை 90 நாள். ஐப்பசி நடுவில் தொடங்கித் தை நடுவில் முடியும் இந்த 90 நாளில்தான் சென்னைக்கு மழையும் வருகிறது, பனியும் வருகிறது. இந்தக் கணக்கில் வரும் குழந்தை அந்த ஐப்பசியில் வீட்டுக்கு வருகிறது. எடை 2 கிலோ. ஆஸ்பத்திரியில் தேறி, பால் குடிக்கப் பழகி, மருத்துவர் அனுமதித்த பிறகு வந்த குழந்தை. வீடு பழைய வண்ணாரப்பேட்டையில்: பத்துக்குப் பத்து அறை ஒன்று, சமையலுக்கு ஒரு மூலை, நாலு குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டை மாடி.

கேள்வி இதுதான். இந்தக் குழந்தையைக் கதகதப்பாகவும் ஈரமில்லாமலும் வைத்திருக்க எத்தனை துணி வேண்டும்? எத்தனை ரூபாய்? எத்தனை மணி நேரம்? யாருடைய கைகள்?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி 36. ரூபாய் 2,570. அம்மா ஒருத்தியே எல்லாம் செய்தால் நாளுக்கு 25½ மணி நேரம். முதல் இரண்டு எண்களை எந்தக் குடும்பமும் எப்படியோ சமாளித்துவிடும். மூன்றாவது எண்ணைத் தனியாகச் சமாளிக்க ஒருவராலும் முடியாது. அந்த மூன்றாவது எண்ணுக்காகத்தான் மற்ற இரண்டையும் எழுதுகிறேன்.

கணக்கு 1: குளிர்

சென்னையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் சராசரியாக 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரி, 1895 டிசம்பரில் ஒரு முறை, 1905 ஜனவரியில் ஒரு முறை. ஊட்டிக்காரர்கள் கேட்டால் இதைக் குளிர் என்றே சொல்லமாட்டார்கள். பெரியவர்களுக்கு இது மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைக்கும் அளவுதான்.

பச்சைக் குழந்தையின் அளவுகோல் வேறு. அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 36.4க்கு இறங்கினாலே குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். 36க்குக் கீழே போனால் மிதமான ஆபத்து, 32க்குக் கீழே போனால் கடுமையான ஆபத்து. பாதுகாப்பான எல்லையின் மொத்த அகலமே 1 டிகிரிதான்.

அந்த 1 டிகிரிக்குள் நிற்கக் குழந்தையிடம் இருக்கும் முதல் மிகவும் குறைவு. ஒரு கிலோ எடைக்கு அதன் தோலின் பரப்பு பெரியவர்களுடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அந்தப் பரப்பு முழுவதும் வெப்பம் வெளியேறும் வாசல். தலை மட்டுமே உடலின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சைக் குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. கழுத்து, தோள்பட்டை, முதுகுப் பக்கங்களில் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு தேட வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு அந்தக் கொழுப்பும் குறைவு.

இந்தியாவில் எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் 100க்கு ஏறக்குறைய 18 பேர் 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கிறார்கள் என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. நம் கணக்கின் குழந்தை அந்த 18ல் ஒன்று.

கணக்கு 2: ஈரம் குடிக்கும் பால்

காய்ந்த குழந்தைக்கு 22 டிகிரி அறை பெரிய பகை இல்லை. நனைந்த குழந்தைக்கு 28 டிகிரியும் பகைதான். காரணம் நீர் ஆவியாகும் விதம். தோலின் மேல் 1 கிராம் நீர் ஆவியாக 0.58 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்துதான் அது எடுத்துக்கொள்ளும்.

2 கிலோ குழந்தையின் உடல் 1 டிகிரி குளிர 1.66 கிலோ கலோரி இழந்தால் போதும். துவட்டாமல் விட்ட தலைமுடியிலும் முதுகிலும் 10 மி.லி. நீர், அதாவது இரண்டு தேக்கரண்டி, இருந்தால் அது ஆவியாக 5.8 கிலோ கலோரி வேண்டும். முழுவதும் குழந்தையிடமிருந்தே போய், குழந்தை ஈடுகட்டாமல் இருந்தால் 3.5 டிகிரி இறங்கும். நல்லவேளையாகக் குழந்தை மணிக்கு ஏறக்குறைய 4 கிலோ கலோரி சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு தேக்கரண்டி நீர் அதன் ஒன்றரை மணி நேர உழைப்பு முழுவதையும் கேட்கிறது. பிறந்தவுடன் துவட்டாமல் விட்டால் முதல் 10 முதல் 20 நிமிடத்தில் 2 முதல் 4 டிகிரி வரை இறங்கிவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பது இதனால்தான். முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்வதும் இதனால்தான்.

இப்போது மூத்திரத் துணி. மணிக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மி.லி. என்று வைத்தால், 2 கிலோ குழந்தை நாளுக்கு 96 மி.லி. பெய்யும். நனைந்த துணியை மாற்றாமல் உடம்பிலேயே காயவிட்டால் அது ஆவியாக 56 கிலோ கலோரி வேண்டும். குழந்தைக்கு வரவு என்ன? கிலோவுக்கு 150 மி.லி. வீதம் 300 மி.லி. தாய்ப்பால், 100 மி.லி.க்கு 67 என்றால் ஏறக்குறைய 200 கிலோ கலோரி. ஈரம் கேட்பது அந்த வரவில் 28 சதவீதம். பாதி வெப்பம் காற்றிலிருந்து வந்தது என்று கழித்தாலும் 14 சதவீதம், அதாவது 42 மி.லி. பால். எட்டு வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 37 அல்லது 38 மி.லி.தான். நனைந்த துணி நாளுக்கு ஒரு வேளைப் பாலுக்கும் மேல் குடித்துவிடுகிறது. எடை ஏற வேண்டிய குழந்தைக்கு அந்த ஒரு வேளைதான் லாபம்.

எங்கள் வீட்டில் ஆயா இதை எண்ணில்லாமல் சொல்வார். "ஏம்மே, கொயந்த காலத் தொட்டுப் பாத்தியா? ஜில்லுனு கீதா? துணிய மாத்து மொதல்ல, அப்பறமா கம்பளிய தேடு." மருத்துவர்கள் கற்பிக்கும் தொடுமுறையும் இதுதான். புறங்கையால் வயிற்றைத் தொடுங்கள், பாதத்தைத் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நலம். வயிறு வெதுவெதுப்பு, பாதம் சில்லென்றால் குளிர் தாக்கத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லென்றிருந்தால் குழந்தையை மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், 108ஐ அழைக்கலாம்.

கணக்கு 3: துணிக் கையிருப்பு

வண்ணாரப்பேட்டை துணியால் உண்டான ஊர். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசில் கால் ஊன்றியது துணி வாங்கி ஏற்றுமதி செய்யத்தான். தறியிலிருந்து வந்த துணியை வெளுத்துக் காயவைத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்ததால்தான் இந்தப் பேட்டைக்கு இந்தப் பெயர். இன்றைக்கும் எம்.சி. ரோட்டில் வரிசையாகத் துணிக்கடைகள். துவைப்பதும் காயவைப்பதும் இந்த ஊரின் மூத்த தொழில். குழந்தை பிறந்த ஒவ்வொரு வீடும் 90 நாளுக்கு அந்தத் தொழிலை எடுத்துச் செய்கிறது.

நாளுக்கு 12 துணி மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். எத்தனை துணி வேண்டும் என்பதைக் குழந்தை தீர்மானிப்பதில்லை, வானம் தீர்மானிக்கிறது.

வெயில் நாள்: மாடியில் 3 மணி நேரத்தில் காயும். நாளுக்கு 12, கைவசம் 6. மொத்தம் 18.

மழை நாள்: வீட்டுக்குள் காய 2 நாள். இன்றைக்கு 12, கொடியில் 24. மொத்தம் 36.

அடைமழை: காய 3 நாள். இன்றைக்கு 12, கொடியில் 36. மொத்தம் 48.

நாலு முழ வேட்டி ஒன்று ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். 60 செ.மீ. சதுரமாகக் கிழித்தால் குறுக்கே 2, நெடுக்கே 3, ஆக 6 துணி. 36 துணிக்கு 6 வேட்டி, அடைமழைக்கு 8. பலமுறை துவைத்து மெத்தென்றான பழைய வேட்டிதான் இதற்குச் சிறந்தது. புதுத்துணியின் கஞ்சி போகாமல் நீரை நன்றாக உறிஞ்சாது, தோலிலும் உறுத்தும். அதனால் வளைகாப்பு முடிந்ததும் வீட்டு ஆண்களின் பழைய வேட்டிகளை எண்ணி எடுத்து வைத்துவிடுவது நல்லது. பாட்டிமார்கள் செய்துவந்த அதே வேலைதான். இப்போது எண்ணிக்கையோடு செய்கிறோம்.

அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 2015 முதல் தமிழக அரசு கொடுத்துவந்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள். துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின் எல்லாம் அதில் அடக்கம். பெட்டகத்தின் மதிப்பு 1,000 ரூபாய். முதல் நாளைக்கு அது பெரிய உதவி. ஆனால் மழைக்காலத்தின் 36 துணியை வீடுதான் சேர்க்க வேண்டும்.

கணக்கு 4: காயவைத்தல்

பலரும் சறுக்குவது இங்கேதான். மழை பெய்கிறது, குழந்தைக்குக் காற்று படக்கூடாது என்று கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, அதே அறையில் கொடி கட்டித் துணி போடுகிறோம். காயவே மாட்டேன் என்கிறது. ஏன்?

60 செ.மீ. சதுரத் துணி ஒன்று காய்ந்த நிலையில் ஏறக்குறைய 35 கிராம். கையால் பிழிந்த பிறகும் தன் எடை அளவுக்கு நீர் அதில் நிற்கும். 12 துணிக்கு 420 கிராம் நீர். பத்துக்குப் பத்து அறை, 9 அடி உயரம்: 25.5 கனமீட்டர் காற்று. 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் ஏற்கெனவே 18.4 கிராம் நிறைந்துவிட்டது. மீதி இடம் கனமீட்டருக்கு 4.6 கிராம், அறை முழுவதற்கும் 117 கிராம்.

420 கிராம் நீருக்கு 117 கிராம் இடம். மூடிய அறையில் மூன்று, நான்கு துணிக்கு மேல் காய வழியே இல்லை. அறை முழுவதும் ஈரமாகி, குழந்தையின் படுக்கையும் பிசுபிசுக்கும். வெளியே மழை கொட்டி ஈரப்பதம் 95 சதவீதமாக இருந்தால் அறையின் காற்று முழுவதும் 14 முறை மாற வேண்டியிருக்கும்.

அதனால் வழி இரண்டு. ஒன்று, கொடி குழந்தை இருக்கும் இடத்தில் வேண்டாம். சமையல் மூலையிலோ, மாடிப்படி வளைவிலோ, சன்னல் ஒருக்களித்திருக்கும் பக்கமோ இருக்கட்டும். மின்விசிறிக் காற்று துணியில் படட்டும், குழந்தையின் மேல் வேண்டாம். இரண்டு, முக்கால்வாசி காய்ந்த துணியைத் தேய்த்துவிடலாம். மிச்ச ஈரம் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் போய்விடும்.

மின்சாரம்: 75 வாட் விசிறி 10 மணி நேரம், 0.75 யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம், 0.25 யூனிட். நாளுக்கு 1 யூனிட், 90 நாளுக்கு 90 யூனிட். இரண்டு மாதத்துக்கு 60. வீட்டு இணைப்புக்கு அரசு கொடுக்கும் இலவச 100 யூனிட்டில் பாதிக்கும் மேல் இந்தக் கொடிக்கே போகிறது.

தண்ணீர்: அலச 1 குடம், இரண்டு முறை நீர் மாற்ற 2 குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் நாளுக்கு 45 லிட்டர், 90 நாளுக்கு 4,050 லிட்டர். வெளியே கொட்டும் மழை. உள்ளே குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

சாம்பிராணியைப் பற்றி ஒரு வரி. தலை ஈரம் போகவும் கதகதப்புக்கும் புகை போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது. ஒரு காய்ந்த துண்டால் துவட்டி, அந்தத் துண்டை எடுத்துவிட்டு, இரண்டாவது காய்ந்த துண்டில் சுற்றினால் அதே வேலை புகையில்லாமல் முடியும். சின்னக் குழந்தைக்கு எடை ஏறும்வரை குளியலுக்குப் பதில் துடைத்தெடுப்பதே போதும்.

கணக்கு 5: டயப்பர்

விலை பிராண்டுக்குப் பிராண்ட், கடைக்குக் கடை மாறும். இந்தக் கட்டுரையின் விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் தெருக்கடை விலையை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு டயப்பர் 10 ரூபாய், நாளுக்கு 6 என்றால் 60 ரூபாய்; 90 நாளுக்கு 5,400 ரூபாய், 540 டயப்பர். நனைந்தது ஒன்று 60 கிராம் என்றாலும் 32 கிலோ குப்பை. ராத்திரிக்கு மட்டும் ஒன்று என்றால் 900 ரூபாய்.

டயப்பரை நான் வெறுக்கவில்லை. ராத்திரி 2 மணிக்கு நனைந்து காலை 5 மணிக்குத் தெரியவரும் துணியைவிட, ஈரத்தை உள்ளே இழுத்துவைத்துக்கொள்ளும் டயப்பர் குழந்தைக்கும் நல்லது, அம்மாவின் தூக்கத்துக்கும் நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் அப்படித்தான். பகலில் துணி, இரவிலும் வெளியிலும் டயப்பர் என்ற கலப்புதான் கைக்கும் பைக்கும் ஏற்றது.

கணக்கு 6: ஒரு சேலை, ஒரு மார்பு

துணி ஈரத்தைத் தடுக்கும். சூட்டைக் கொடுப்பது எது? அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்று விடாமல் எரிவது போல. மின்சாரம் போனாலும் அணையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் பல தெருக்கள் தண்ணீரிலும் இருட்டிலும் கிடந்தன. அந்த இரவுகளில் பச்சைக் குழந்தைக்கு நம்பியிருக்கக் கூடிய ஒரே அடுப்பு அம்மாவின் மார்புதான்.

இதையே மருத்துவமாக்கியது கொலம்பியா நாடு. 1978ல் பொகோட்டா நகரத்தில், வெப்பப் பெட்டிகள் போதாமல் திணறிய ஆஸ்பத்திரியில், மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோலாகக் கட்டிவைக்கத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது.

வரவு என்ன? கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய 5 நாடுகளின் 5 ஆஸ்பத்திரிகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளியானது. இந்தியாவில் டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அதில் ஒன்று. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடை. உடல் நிலைப்படும்வரை காத்திருந்து பிறகு கங்காரு முறைக்கு மாறிய குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 15.7 சதவீதம். பிறந்தவுடனேயே தொடங்கியவர்களில் 12.0 சதவீதம். வித்தியாசம் 3.7. அதாவது 27 குழந்தைகளுக்கு ஓர் உயிர் மிச்சம். வீட்டில் செய்தால்? அரியானாவில் 8,402 எடை குறைந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2019ல் வந்தது: வீட்டிலேயே கங்காரு முறை கற்றுக்கொடுத்தவர்களிடம் முதல் மாத இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. 2022ல் உலக சுகாதார நிறுவனம் எடை குறைந்த எல்லாக் குழந்தைகளுக்கும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்று பரிந்துரைத்தது.

கருவி என்ன? ஒரு பழைய பருத்திச் சேலை. 5.5 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.15 மீட்டர் அகலம். நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் 57 செ.மீ. அகலத்தில் இரண்டு கட்டுத் துணி: அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. குழந்தைக்குக் குல்லா, காலுறை, துணி அல்லது டயப்பர், முன்பக்கம் திறந்த சட்டை. மார்புக்கு நடுவே நிமிர்ந்து, கால்கள் தவளை போல மடங்கி, தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்து இருக்க வேண்டும். கட்டின் மேல் விளிம்பு காதுக்குச் சற்றுக் கீழே. ஒரு முறை கட்டினால் 1 மணி நேரமாவது தொடர வேண்டும். முதல் முறை செவிலியர் பார்க்கக் கட்டிப் பழகுங்கள். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற மகப்பேறு ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்குப் போகும் நாளிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

நாளுக்கு 25 கிராம் ஏறினால் 2 கிலோ குழந்தை 2.5 கிலோ ஆக 20 நாள். 8 மணி நேரம் வீதம் 160 மணி நேரம். எடை ஏறியதும் குழந்தையே கைகால் உதைத்து, எனக்குப் போதும் என்று காட்டிவிடும்.

கணக்கு 7: வாசலைத் தாண்டும்போது

தடுப்பூசி நாள் மழையைப் பார்த்து வராது. கட்டிச் சுமந்து போகும்போது நினைவில் வைக்க வேண்டிய எண்கள் சில.

அடுக்கு: அறையில் நமக்கு வேண்டியதைவிடக் குழந்தைக்கு 1 அடுக்கு கூடுதல். கட்டிச் சுமக்கும்போது சேலையே அந்த 1 அடுக்கு, அம்மாவின் உடம்பு இன்னொன்று. சென்னையில் உள்ளே ஸ்வெட்டர் வேண்டாம். வியர்த்தால் அதுவும் ஈரம்தான். ஓடும் வண்டியில் அது குளிராக மாறும். 37.5 டிகிரிக்கு மேல் போவதும் கெடுதிதான்.

குடை: மணிக்கு 20 மி.மீ. மழையில் கால் மணி நேரம் நடந்தால் 5 மி.மீ. குழந்தையின் முதுகுப் பக்கம் 0.1 சதுர மீட்டர் என்றால் அரை லிட்டர் நீர். அதில் இருபதில் ஒரு பங்கு துணிக்குள் போனாலும் 25 மி.லி. இரண்டு தேக்கரண்டி என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். பெரிய குடை ஒன்று வாங்குங்கள். 2015 டிசம்பர் 1 அன்று போல நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 294 மி.மீ. கொட்டும் நாளில் எந்தக் குடையும் உதவாது, வீட்டிலேயே இருங்கள்.

முகம்: பிளாஸ்டிக் தாளையோ முந்தானையையோ முகத்தின் மேல் இழுத்து மூடாதீர்கள். அமெரிக்காவில் துணித் தொங்கலில் சுமக்கப்பட்டு 20 ஆண்டுகளில் இறந்த 14 குழந்தைகளைப் பற்றி அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2010ல் எச்சரித்தது. 12 குழந்தைகளுக்கு 4 மாதம்கூட ஆகவில்லை. முகவாய் மார்பில் மடங்கினாலோ, மூக்கு துணியில் புதைந்தாலோ, சத்தமில்லாமல் மூச்சு நிற்கும். குனிந்தால் நெற்றியில் முத்தமிடும் தூரத்தில், எப்போதும் கண்ணில் படும்படி முகம் இருக்க வேண்டும். கட்டிக்கொண்டு அடுப்படிக்கும் போகக்கூடாது, இருசக்கர வண்டியிலும் ஏறக்கூடாது.

மாற்றுத் துணி: பையில் 4 துணி, 1 சட்டை, 1 குல்லா, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல். வண்ணாரப்பேட்டையிலிருந்து 2019 பிப்ரவரி முதல் மெட்ரோ ஓடுகிறது. மழையில் நனைந்தபடி ஏசி பெட்டியில் ஏறினால் ஈரம் வேகமாக ஆவியாகும். ஏறும் முன் நிலையத்திலேயே குல்லாவையும் துணியையும் மாற்றிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் இறக்கிவிட 102 ஊர்தி உண்டு, கட்டணம் 0.

ரூபாய்க் கணக்கு (90 நாள்)

பழைய வேட்டி 6: 0
பழைய பருத்திச் சேலை 1: 0
முன்திறப்புச் சட்டை 6 (ஒன்று 60): 360
குல்லா 3 (ஒன்று 40): 120
காலுறை 3 ஜோடி (ஒன்று 30): 90
துண்டு 2 (ஒன்று 100): 200
துணி சோப்பு 15 (ஒன்று 20): 300
கொடிக் கயிறு, கிளிப்: 100
வெப்பமானி 1: 150
பெரிய குடை 1: 350
இரவு டயப்பர் 90 (ஒன்று 10): 900
மொத்தம்: 2,570 ரூபாய். நாளுக்கு 28 ரூபாய் 56 காசு.

வேட்டியும் சேலையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தால் இன்னும் 1,700 சேர்த்து 4,270. முழு டயப்பர் வழிக்கு டயப்பர் மட்டுமே 5,400. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயில் ரொக்கம் 14,000. நம் 2,570 அதில் 18 சதவீதம். ரூபாய் இங்கே தடை இல்லை.

மணிக் கணக்கு (முதல் 20 நாள், ஒரு நாளுக்கு)

மார்போடு கட்டி வைத்திருத்தல்: 8
அதற்கு வெளியே பால் கொடுத்தல்: 3
சமையல்: 3
துணி அலசி, காயவைத்து, மடித்தல்: 1½
தண்ணீர் பிடித்தல்: 1
தன் குளியல், சாப்பாடு: 2
தூக்கம்: 7
மொத்தம்: 25½.

பற்றாக்குறை ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை எங்கிருந்து வரும்? எல்லா வீடுகளிலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: அம்மாவின் தூக்கம். அடுத்தது அம்மாவின் சாப்பாடு. பால் கொடுக்கும் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கிலோ கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சாப்பாட்டு நேரத்தைக் கடன் வாங்கினால் வெட்டுவது அந்த 600ஐத்தான். கடைசியில் குறைவது மார்பில் வைத்திருக்கும் 8 மணி நேரம். சூட்டைக் கொடுப்பவள் களைத்துப்போனால் குழந்தையை இறக்கி வைத்துவிடுவாள். அதில் அவள் தவறு எதுவும் இல்லை. கூட்டல் கணக்கு தவறு.

சரிசெய்யப்பட்ட கணக்கு இப்படி இருக்கும். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுச் சேலையின் அடுத்த பாதியில் 3 மணி நேரம் கட்டிக்கொள்கிறார். கங்காரு பராமரிப்பை அப்பாவும் தாத்தாவும் பாட்டியும் செய்யலாம், தோல் யாருடையதாக இருந்தாலும் சூடு ஒன்றே. துணி 1½ மணி நேரம் இன்னொருவர் கையில். தண்ணீர் 1 மணி நேரம் வேறொருவர் கையில். அம்மாவின் நாள் 20 மணி நேரமாகிறது. 4 மணி நேரம் மிச்சம். அதில் அவள் தூங்கலாம்.

சட்டம் இந்தக் கணக்கில் பாதி வழிதான் வருகிறது. மகப்பேறு விடுப்புச் சட்டத்துக்குள் வரும் வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 26 வாரம் வரை ஊதியத்தோடு விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்குச் சட்டப்படி ஒரு நாளும் கட்டாயம் இல்லை. துறைமுகத்துக்குச் சுமை தூக்கப் போகிறவருக்கும், கடலுக்குப் போகிறவருக்கும், எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நிற்கிறவருக்கும் குழந்தைக்காக எடுக்கும் ஒவ்வொரு நாளும் கூலி போன நாள். ஆகவே மீதிப் பாதியை வீடும் தெருவும்தான் எழுத வேண்டும்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் கையில் பவுடர் டப்பாவும் புதுச் சட்டையும் கொண்டு வருகிறார்கள். முதல் மாதத்தில் ஆறு மாதக் குழந்தையின் அளவில் பத்துச் சட்டை சேர்ந்துவிடும். இந்த ஐப்பசியில் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் குழந்தை வந்தால், மெத்தென்ற பழைய வேட்டி ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் கைகால் கழுவிவிட்டு, கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்ததை மடியுங்கள், ஈரமானதைத் திருப்பிப் போடுங்கள், அலசாமல் கிடப்பதை அலசுங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த வீட்டுக் கணக்கில் குறைவது சரியாக அவ்வளவுதான்.